ரத்தம் மெலியும் என்ற வரி

எனக்கு ஒரு பதவி உண்டு. அதன் பெயர் பாமரர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெங்களூரில் ஓசூர் ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரி, முத்திரை குத்தி அனுப்பிய கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. மனிதர்களுக்குப் புது மருந்தைக் கொடுத்துச் சோதிப்பதற்கு முன்னால், அந்தச் சோதனை நியாயமானதுதானா என்று பார்க்க ஒரு குழு வேண்டும். அதில் டாக்டர்களும் வக்கீலும் மட்டும் இருந்தால் போதாது, இரண்டும் இல்லாத ஒரு பாமரரும் உட்கார வேண்டும். அது சட்டம். நான் பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் இருபது வருஷம் காலர் தைத்தவள். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் பஸ்ஸிலும் லைனிலும் காதால் கேட்டது, கையில் கிடைத்த காகிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தது. இந்தப் பதவிக்கு என்னைவிடத் தகுதி யாருக்கு?

“பாமரர்னா என்னா மரம்?” என்று என் வீட்டுக்காரர் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“வெட்ட வந்தா கோடாலி மழுங்கும், அந்த மரம்” என்றேன்.

அவர்கள் என்னைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் என் இடது கால். எங்கள் லைனில், அதாவது தையல் மெஷின் வரிசையில், கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு டோக்கன். அதை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். அதனால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். “குடிச்சாத்தானே போகணும்” என்பது எங்கள் லைனின் பழமொழி. ஜனங்கள் சொல்லும் சொல் என்றால் எனக்கு உயிர். கேட்டதை எல்லாம் துணிக்கட்டோடு வரும் பண்டல் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். இதையும் எழுதி வைத்தேன். சில பழமொழி ஆளையே கொல்லும் என்பது பிற்பாடு தெரிந்தது.

ஒரு நாள் இடது கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. லைனில் எல்லோரும் ஒரே குரலில் “நரம்பு சுத்திக்கிச்சு” என்றார்கள். பக்கத்து மெஷின்காரி விளக்கெண்ணெய் கொண்டுவந்து, சாப்பாட்டு நேரத்தில் என் காலைத் தன் மடியில் வைத்து நீவிவிட்டாள். அவளை இந்த எழுத்து முழுக்க மெஷின்காரி என்றே அழைக்கப்போகிறேன். பெயரைப் போட்டால் அடிக்க வருவாள். அந்த நீவல் செய்யவே கூடாத வேலை. தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க உட்கார்ந்தே தைத்ததில் ரத்தம் உறைந்து, காலுக்குள் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. நீவினால் பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும். எங்களுக்கு என்ன தெரியும்? ஸ்கேன் எடுத்த டாக்டருக்குத்தான் தெரிந்தது. அவர் கன்னடம் பாதி, இங்கிலீஷ் பாதியாகப் பேசினார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அதைத் தமிழாக்கினாள்.

“ஆன்ட்டி, இது ரத்தத்தை மெலிசாக்குற மாத்திரை. டெய்லி போடணும், ஆயித்தா, சரியா?”

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, பாவம். ஆனால் எங்கள் பேச்சில் மெலிவது என்றால் என்ன? காய்ச்சலில் கிடந்தவள் மெலிவாள். மருமகள் கொடுமையில் மாமியார் மெலிவாள், மாமியார் கொடுமையில் மருமகள் மெலிவாள். மெலிந்துபோனது நல்லதாக இருந்ததாக எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. கை கால் ஆடினால்தான் சோறு என்று இருப்பவர்களுக்கு ரத்தம்தான் சொத்து. “ரத்தம் செத்த மூஞ்சி” என்றால் அவளால் இனி ஆகாது என்று அர்த்தம்.

மெஷின்காரி அலறினாள். “ரத்தம் தண்ணியாப் போயிட்டா பெடலை எதை வச்சுக்கா மிதிப்பே? டாக்டருக்கு என்னா, டார்கெட்டா இருக்குது?”

நியாயமாகத்தான் பட்டது. பத்து நாள் மாத்திரையை நிறுத்தினேன். பத்து நாளும் அவள் வீட்டிலிருந்து முருங்கைக்கீரை வந்தது, ரத்தம் ஊறட்டும் என்று. எனக்குக் கொடுத்திருந்தது பழைய வகை மாத்திரை. கீரை கூடினால் அதன் வேகம் குறையும். ஆகவே உடம்பில் கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த மருந்தையும் அவளுடைய அன்பு முறித்துப்போட்டது. பதினோராம் நாள் பஸ் ஸ்டாப் நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறும்போது மூச்சு அடைத்து உருண்டேன்; கால் அடைப்பு நுரையீரலுக்குப் போயிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

பிழைத்தேன். வார்டில் பெரிய டாக்டர் வந்து, படித்துப் படித்துச் சொல்லியும் ஏன் நிறுத்தினீர்கள் என்று சத்தம் போட்டார். “உங்க மாத்திரை மேல தப்பே இல்ல சார். அதுக்கு வச்ச பேருதான் என்னைப் படுக்க வச்சுது” என்றேன். அவருக்குப் பின்னால் நின்ற சமூகசேவைப் பிரிவு அம்மாள் அதைக் குறித்துக்கொண்டார். சில வருஷம் கழித்து நான் தையலை விட்டு வீட்டோடு இருந்தபோது அந்தக் கடிதம் வந்தது.

இனி மெஷின்காரியின் கதை. போன வருஷம் அவள் காலும் வீங்கியது. இந்த முறை யாரும் எண்ணெய் எடுக்கவில்லை. நானே ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். அவளுக்குக் கொடுத்தது என்னுடையதைவிடப் புது வகை. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை கிடையாது, கீரைக்குப் பயமில்லை, காலையில் சாப்பிட்டவுடன் ஒன்று. என் கதியைப் பார்த்தவள் என்பதால் ஒழுங்காகத்தான் போட்டாள். ஆனால் அவளுக்கு முப்பத்தொன்பது வயது. எனக்கு இல்லாத ஒரு பாடு அவளுக்கு இருந்தது. மூன்று நாளில் முடிகிற மாதவிலக்கு, மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒன்பது நாள் ஆனது. லைனில் இருக்கிறது அதே ஒரு டோக்கன். கருப்பு சுடிதாரும் இரட்டைப் பேடுமாக உட்கார்ந்து தைத்தாள். டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டால், “கொஞ்சம் ஜாஸ்தின்னு சொன்னேன்க்கா. ஆம்பளை டாக்டர்கிட்ட வேற என்னா சொல்லுறது?” என்பாள்.

அப்புறம் ஒரு நாள் என் காதோடு சொன்னாள். அந்த ஒன்பது நாளும் மாத்திரையை நிறுத்திவிடுகிறாளாம்.

 போட்டால் ரத்தம் நிற்காது, போடாவிட்டால் ரத்தம் உறையும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளமாக அவள் இருந்தாள். நான் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு, “கவலைப்படாதே. புதுசா ஒரு ஊசி வருதாம். மாசத்துக்கு ஒண்ணு. அடைப்பும் வராதாம், போக்கும் கம்மியா இருக்குமாம். டாக்டரே சொன்னாரு, ஸ்டடி ஆரம்பிச்சதும் என்னைக் கூப்பிடுறேன்னு. அதுவரைக்கும் ஓட்டிக்கிறேன்” என்றாள். கண்ணில் தீபாவளி வெளிச்சம்.

அந்த ஸ்டடியின், அதாவது மருந்துச் சோதனையின், காகிதக் கட்டுதான் அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பாமரர் கையெழுத்து வேண்டும்.

மருந்தின் பெயரோ கம்பெனியின் பெயரோ எழுதமாட்டேன். வெளியே சொல்வதில்லை என்று ஒப்பம் போட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்ததை மட்டும் சொல்கிறேன். ரத்தம் உறைவது ஒரு சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி இன்னொன்றை இழுக்கும். கை வெட்டுப்பட்டால் அந்தச் சங்கிலிதான் நம்மைக் காப்பாற்றுகிறது. அதே சங்கிலி குழாய்க்குள் சும்மா இருக்கும்போது இழுத்துக்கொண்டால் ஆளையே கவிழ்க்கிறது. இப்போது இருக்கிற மருந்துகள் இரண்டுக்கும் பொதுவான கண்ணியைப் பிடிக்கின்றன. அதனால்தான் அடைப்பும் குறைகிறது, போக்கும் கூடுகிறது. உலகத்தில் சில பேருக்குப் பிறவியிலேயே வேறு ஒரு கண்ணி குறைவாம். அவர்களுக்கு அடைப்பு அவ்வளவாக வருவதில்லை, ரத்தமும் சும்மா கொட்டிவிடுவதில்லை. அவர்களைப் பார்த்துத்தான் இந்தப் புது மருந்தை யோசித்திருக்கிறார்கள். பிசகிய தையலை மட்டும் பிரிக்க வேண்டும், பக்கத்துத் தையல் விட்டுப்போகக் கூடாது. அதற்கென்று இருக்கிற சின்னக் கத்தியை எங்கள் லைனில் எல்லோரும் கையில் பிடித்தவர்கள்தான். படிக்கப் படிக்க எனக்கு அந்த மருந்து மேல் ஆசையே வந்துவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ, எங்கேயோ உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறது.

அப்புறம் தமிழ்ப் படிவத்தைத் திறந்தேன். சோதனையில் சேர்கிறவர்கள் படித்துப் புரிந்துகொண்டு சம்மதக் கையெழுத்துப் போடவேண்டிய படிவம் அது. இரண்டாம் பக்கத்தில் இருந்தது:

“இம்மருந்தானது தங்களது இரத்தத்தை மெலியச் செய்து, இரத்தக் கட்டிகள் உருவாகும் அபாயத்தைக் குறைக்கக்கூடும்.”

 என்னைப் படியில் உருட்டிய அதே சொல், பட்டுப்புடவை கட்டி வந்து உட்கார்ந்திருந்தது. கூடவே தோழியாக ஒரு “கட்டி”. கட்டி என்றால் எங்கள் ஏரியாவில் ஒரே அர்த்தம். அதைச் சத்தமாகக்கூடச் சொல்லமாட்டார்கள்.

கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு, ஐந்தாம் மாடியில். தலைவர் ஓய்வுபெற்ற கன்னடப் பேராசிரியர். எதிரே ஸ்டடியை நடத்தப்போகிற டாக்டர். நல்ல மனிதர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. தெரிந்தவர் யாராவது சேர்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது விதி; நான் சொன்னேன்: “எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பளை இந்த ஸ்டடிக்குக் காத்துக்கிட்டு இருக்கா. எழுதிக்குங்க சார்.” எழுதிக்கொண்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒரு ஓட்டு உறுதி என்று.

முறை வந்ததும் நான் ரெண்டாம் பக்கத்தைச் சொன்னேன். டாக்டர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார்.

“அம்மா, டிரான்ஸ்லேஷன் சர்டிஃபிகேட் இருக்கு. இந்தத் தமிழை வேற ஒருத்தர் திரும்ப இங்கிலீஷ்ல போட்டுப் பார்த்திருக்காங்க. வார்த்தைக்கு வார்த்தை மேட்ச் ஆகுது.”

“ஆகும் சார். கண்ணாடிக்கு முன்னாடி நின்னா கண்ணாடியும் அதே மூஞ்சியைத்தான் காட்டும். அதுக்காக மூஞ்சி கழுவியாச்சுன்னு அர்த்தமா?”

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு வார்த்தைக்காகவா ம்மா? ஊட்டா பல்லவனிகே ரோகவில்லா, மாத்து பல்லவனிகே ஜகளவில்லா” என்றார். சாப்பிடத் தெரிந்தவனுக்கு நோயில்லை, பேசத் தெரிந்தவனுக்குச் சண்டையில்லை. எனக்குப் பிடித்த கன்னடச் சொல் அது. பண்டல் சீட்டில் எப்போதோ ஏறிவிட்டது.

“நிஜா சார். ஆனா மாத்தே தப்பா இருந்தா ஜகளம் ஆகத்தானே செய்யும்? எங்க ஊர்ல ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்னு ஒருத்தர் நல்லாத்தான் சொல்லி வச்சாரு. வாய் மாறி வாய் மாறி இப்போ ஆயிரம் பேரைக் கொன்னவன் ஆயிட்டான். ரெண்டு சொல்லு பிசகினதுக்கு டாக்டர் சாதிக்கே கொலைப்பழி. உங்களுக்கே நல்லதில்லையே சார்.”

சிரித்தார்கள். சிரிப்போடு முடித்துவிடுவார்கள் என்று தெரிந்தது. படித்தவர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்த நேரம் ஹவுஸ்கீப்பிங் அம்மா காப்பித் தட்டோடு உள்ளே வந்தாள். நீலசந்திராவிலிருந்து வருகிற தமிழ்க்காரி, என்னைவிட நாலு வயது கூட இருக்கும்.

“சார், மருந்து பேரு சொல்ல மாட்டேன். இந்த ரெண்டு வரியை மட்டும் இவங்களுக்குப் படிச்சுக் காட்டட்டுமா?”

தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். படித்தேன். “இப்போ நீங்க கேட்டதை உங்க வாயால சொல்லுங்கக்கா.”

அவள் தட்டை இறக்கி வைத்துவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். “யாருக்கும்மா கட்டி? ஐயோ, சாருக்கா?” என்று தலைவரைக் கைகாட்டினாள்.

“யாருக்கும் இல்ல. மருந்தைப் பத்திச் சொல்லுங்க.”

“ரத்தத்தை உறிஞ்சி மெலிய வச்சுட்டா கட்டி சுருங்கிடும்னு போட்டிருக்குது. கேன்சர் ஊசிதானே? எங்க நாத்தனாருக்குப் போட்டாங்க, முடியெல்லாம் கொட்டிப் போச்சு. நமக்கெல்லாம் வேணாம்மா. காப்பி ஆறுது, எடுத்துக்குங்க.”

அவள் போன பிறகு யாரும் காப்பியை எடுக்கவில்லை. எனக்கு வாய் நிற்கவில்லை. அடுத்த வரியையும் படித்தேன்: “தாங்கள் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவுகளுள் ஒன்றில் ஒதுக்கப்படுவீர்கள்.”

“எங்களை ஏற்கனவே நிறைய பேர் ஒதுக்கி வச்சாச்சு சார். ஆஸ்பத்திரியும் ஒதுக்கணுமா? உள்ளதைச் சொல்லுங்க. பூவா தலையா போடுற மாதிரி, பாதிப் பேருக்குப் புது ஊசி, பாதிப் பேருக்கு இப்போ இருக்கிற அதே மாத்திரை. உங்களுக்கு எதுன்னு நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது, டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது. இதைச் சொன்னா என்ன குறைஞ்சிடும்?”

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. மெஷின்காரிக்கு இது தெரியாது. ஊசி தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

குழுவில் இருந்த பிரசவ டாக்டரம்மா முதல் முறையாக வாயைத் திறந்தார். “மாற்றுச் சிகிச்சைகள் குறித்துத் தங்கள் மருத்துவர் விளக்குவார்” என்ற வரியில் விரலை வைத்து, “இதுவும் போதாது” என்றார். “இந்த மாத்திரை சாப்பிடுற பெண்களுக்குப் பீரியட்ஸ்ல போக்கு அதிகமாகும்னு எல்லாருக்கும் தெரியும். அதைக் குறைக்கிறதுக்கு இப்பவே வழி இருக்கு. கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சின்ன சாதனம் இருக்கு, மாத்திரை இருக்கு. அதுக்காக யாரும் ஸ்டடியில சேரத் தேவையில்லை. அதை எழுதணும்.”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கிறதா? ஒரு வருஷமாக ஒருத்தி இரட்டைப் பேடு வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள், இதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், பிரசவ வார்டில், அதற்கு வழி இருந்திருக்கிறது!

ஸ்டடி டாக்டர் கையைப் பிசைந்தார். படிவத்தைத் திருத்தினால் அடுத்த மாதக் கூட்டம்வரை போகும். மற்ற ஊர்களில் ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இடம் நிரம்பினால் இங்கே ஒன்றுமே கிடைக்காது. கடைசியில் என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துச் சொன்னார்.

“உங்க ஃப்ரெண்டும் காத்துக்கிட்டிருக்காங்கன்னு நீங்களே சொன்னீங்க. அவங்களுக்காகவாவது யோசிங்கம்மா.”

அந்த ஒரு வார்த்தையில் என் தெம்பு எல்லாம் வடிந்தது. யோசித்தேன். அவளுடைய ஒன்பது நாளை யோசித்தேன். இடம் நிரம்பிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் யோசித்தேன். 

“அவளுக்காகத்தான் சார் சொல்லுறேன். இந்தப் படிவத்துக்கு என் சம்மதம் இல்ல. மருந்து வரட்டும், ஓடி வரட்டும். ஆனா அவ எதுல கையெழுத்துப் போடுறான்னு தெரிஞ்சு போடட்டும். பாமரருக்குச் சம்மதம் இல்லைன்னு அப்படியே எழுதுங்க.”

தலைவர் எழுதினார். திருத்தி அடுத்த மாதம் கொண்டுவரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின்காரி வாசலில் வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஸ்டடி தள்ளிப் போச்சாமே? நர்ஸ் சொன்னா. கமிட்டியில யாரோ தமிழ் சரியில்லைன்னு தகராறு பண்ணாங்களாம். பெங்களூர்ல தமிழுக்காகத் தகராறு பண்ற ஆளு யாருக்கா? எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும்.”

“கூட்டத்துல நடந்ததைச் சொல்லக் கூடாது.”

“சொல்லாதே. உன் மூஞ்சியே சொல்லுது. நீ பேசிப் பேசிப் புண்ணியம் தேடிக்க. இங்க நான் நனைஞ்சுகிட்டு உக்காந்திருக்கேன்.”

“ஏய், அதுக்கு வேற வைத்தியம் இருக்குதாம்டி. பொம்பளை டாக்டரைப் போய்ப் பாரு, நானும் வரேன்.”

“வேணாம். ஊசி வந்தா எல்லாம் சரியாப் போயிடும்னு டாக்டர் சொல்லியாச்சு. நீ உன் வாயைக் கொஞ்ச நாள் மூடி வை. இந்தத் தடவையும் மாத்திரையை நிறுத்தத்தான் போறேன். எதாவது ஆச்சுன்னா உன் தமிழுக்கே பலி குடுத்ததா நினைச்சுக்க.”

போய்விட்டாள். என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து, “கோடாலி நல்லாத்தான் விழுந்துது” என்றார். 

அவளுடைய தேதி எனக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்தவர்களுக்கு அதெல்லாம் ரகசியமே இல்லை. அந்த ஒன்பது நாளும் காலை எட்டரைக்கு ஃபேக்டரி கேட்டில் போய் நின்றேன், ஞாயிறு மட்டும் அவள் வீட்டு வாசலில். ஒரு கையில் இட்லி டப்பா, அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது. இன்னொரு கையில் ஒரு லிட்டர் தண்ணீர், இடுப்பு முடிச்சில் மருந்துக்கடையில் வாங்கிய அவளுடைய மாத்திரை. முதல் நாள் அவள் என்னைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போகப் பார்த்தாள். நான் கேட்டை மறித்தேன். செக்யூரிட்டி, “ஏனம்மா, உள்ளே விடும்மா, பெல் ஆகுது” என்றார். “அவ முழுங்குற வரைக்கும் விடமாட்டேன். நீங்க வேணும்னா பெல்லைத் தள்ளி அடிங்க” என்றேன். பின்னால் வந்த பெண்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“மானத்தை வாங்குறியே!”

“மானம் போனா அப்புறம் வாங்கிக்கலாம். வாயைத் திற.”

திறந்தாள். மாத்திரையையும் முழுங்கினாள், என்னையும் முழுங்குகிறவள்போல் பார்த்தாள். ஒன்பது நாளும் இப்படித்தான்.  நாலாம் நாள் முகம் வெளுத்து, நிற்கவே தள்ளாடினாள். அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு சொல்லுக்காக இவளை இந்தப் பாடு படுத்த நான் யார் என்று கேட்டுக்கொண்டேன்.  ஐந்தாம் நாளும் போய் நின்றேன்.

இடையில் பிரசவ டாக்டரம்மா அறையில் அவரும் ஸ்டடி டாக்டரும் நானுமாக உட்கார்ந்து படிவத்தைத் திருத்தினோம். ரத்தக்கட்டு என்று போடலாமா என்றார் ஸ்டடி டாக்டர். அது அடிபட்டுக் கன்றிப்போவதற்குச் சொல்வது என்றேன். உறைவு என்றால்? பயத்தில் ரத்தம் உறைந்துபோச்சு என்பார்கள். அப்போது டாக்டரம்மா தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் காட்டி, “தயிருக்கு என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டார். கிடைத்துவிட்டது. கடைசியில் இப்படி நின்றது:

“பால் தயிராக உறைவதுபோல், சிலருக்கு ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. அப்படி உறையாமல் தடுக்கும் மருந்து இது. இதனால் ரத்தத்தின் சத்தோ உடம்பின் தெம்போ தானாகக் குறையாது. ஆனால் காயம் பட்டால் ரத்தம் நிற்க அதிக நேரம் ஆகலாம், மாதப்போக்கு கூடலாம். புது ஊசியில் அது குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். உறுதியாக இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை.”

“உறுதியாத் தெரியாதுன்னு போட்டா யாரு வருவாங்க?” என்று டாக்டர் முனகினார். “தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுற டாக்டரை எங்க ஏரியாவுல யாரும் பார்த்ததே இல்ல சார். வேடிக்கை பார்க்கவாவது வருவாங்க” என்றேன்.

அடுத்த கூட்டத்தில் படிவம் தேறியது. இடமும் மிச்சம் இருந்தது. முதல் ஆளாக மெஷின்காரியைக் கூப்பிட்டார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை; நானாகத் தெரிந்துகொண்டு போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே கேமரா வைத்திருப்பார்கள். படித்துக் காட்டி, புரிந்ததை அவள் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்வார்கள். வெகு நேரம் கதவு திறக்கவில்லை. அவள் சேர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் திட்டு வாங்கியதற்கு அதாவது கூலியாகக் கிடைக்கட்டுமே.

வெளியே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வேணாம்னு சொல்லிட்டேன்.”

“என்னாடி?”

“பூவா தலையான்னு போட்டிருக்குது. தலை விழுந்தா இதே மாத்திரை, இதே ஒன்பது நாளு. அதுக்கு நான் எதுக்கு கேமரா முன்னாடி உக்காரணும்? அதுலயே கீழ போட்டிருக்குது, போக்குக்கு வைத்தியம் தனியா இருக்குது, ஸ்டடியில சேராமலே கிடைக்கும்னு. அதை முதல்ல பாக்குறேன்.”

“நான் சொன்னப்போ கேட்டியா நீ?”

“நீ சொன்னது வாய்ப் பேச்சு. இது அச்சுல இருக்குதில்ல.”

எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அந்த அச்சில் பாதி என் வாயிலிருந்து போனது. அதை அவளிடம் சொல்லவும் கூடாது. ஸ்டடி டாக்டர் வெளியே வந்தார். முகம் விழுந்திருந்தது.

“முதல் ஆளே இல்லைன்னுட்டாங்க. பழைய ஃபார்மா இருந்திருந்தா சைன் பண்ணியிருப்பாங்க, தெரியுமா?”

“தெரியும் சார். ஊசின்னு நினைச்சுப் போட்டிருப்பா. மாத்திரை விழுந்திருந்தா ரெண்டு மாசத்துல சொல்லாம நின்னிருப்பா, உங்க கணக்கும் கெட்டிருக்கும். இவ வேணாம்னு சொன்னது புரிஞ்சதாலதான். இனிமே சரின்னு சொல்லுறவங்களும் புரிஞ்சு சொல்லுவாங்க. அது போதாதா?”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். அப்படி உள்ளே போன ஆட்டோக்காரர் படிவத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “பூ விழுந்தாலும் சரி, தலை விழுந்தாலும் சரி, ஒரு கை பாத்துடலாம்” என்று கையெழுத்துப் போட்டதாக நர்ஸ் பிற்பாடு சொன்னாள். அவரை எனக்குத் தெரியாது. தெரியாத அந்த மனிதர் மேல் இன்றைக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. மருந்து நன்றாக வந்தால் அவர் மாதிரி ஆட்களால்தான் வரும். மெஷின்காரி மாதிரி வேணாம் என்று சொன்னவர்கள் மேலும் அதே மரியாதைதான். இதை யாராவது முரண் என்றால் வாதாடத் தயார்.

மெஷின்காரி எழுந்து மூன்றாம் மாடிக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். பிரசவ வார்டு ஓ.பி. ஜன்னலில் நீள வரிசை, ஆண்களும் நின்றார்கள். அவள் முறை வந்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “ஏனு தொந்தரே, என்ன தொந்தரவு?” என்று கேட்டான்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“ஒன்பது நாள் ரத்தம் போகுது. ரெண்டு பேடு வச்சாலும் துணி நனையுது. கால்ல அடைப்பு இருக்குது, அதனால மாத்திரையை நிறுத்த முடியாது, நிறுத்தவும் மாட்டேன். இதுக்கு வைத்தியம் இருக்குதுன்னு உங்க ஆஸ்பத்திரி பேப்பர்லயே போட்டிருக்குது. எந்த ரூமு?”